அத்தை உட்காருவதற்கு ஓர் இடம்

படிக்கட்டில் யாரோ இருமுகிறார்கள். நோயாளியின் இருமல் இல்லை அது. தொண்டையில் எதுவும் இல்லாதவர், இதோ வருகிறேன் என்று சொல்வதற்காக இருமுகிற இருமல். கோயம்புத்தூரில் இப்போது நாங்கள் இருக்கும் குடியிருப்பில் லிப்ட் உண்டு. மின்சாரம் போன மதியங்களில் மட்டும்தான் படிக்கட்டுக்கு மனிதர்கள் வருவார்கள். அப்படி ஒரு மதியத்தில் அந்தச் சத்தம் கீழிருந்து மேலே வர, கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். மூக்கில் நீலகிரித் தைலம் ஏறுகிறது. ஈரக் கம்பளியும் கரிப்புகையும் கலந்த வாடை அதன் பின்னாலேயே வருகிறது. உள்ளே எங்கேயோ ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருப்பதுபோலவும், அவர் எழுந்து முடிக்கும்வரை நான் கதவுக்கு வெளியே பொறுத்திருக்க வேண்டும் என்பதுபோலவும் தோன்றுகிறது. அவர் எழுந்திருக்கவே வேண்டாம் என்பதற்காக நான் பட்ட பாடு அதன் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

என் மனைவியின் அம்மா அவர். அத்தை என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் பதில் வராது, அது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

குன்னூர் கீழ் பஜாரில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், கீழே மளிகைக்கடை வைத்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். மாமனார் அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். அவர் போனதும் எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அகன்ற ஜன்னல்களும் முன்னால் வராந்தாவும் கொண்ட அந்த வீட்டுக்கென்று செய்த தேக்குக் கட்டிலும், ஆள் உயரத்துக்கும் மேலான பீரோவும், ஒரு கூடமும் ஒரு அறையும் ஓர் அடுப்படியும் மட்டுமே இருந்த இந்த மாடிக்கு எப்படி ஏறின என்பது இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம். கட்டில் உள்ளே வந்ததும் அறை என்று ஒன்று இல்லாமல் போயிற்று, கட்டில் மட்டும் இருந்தது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். ஜூன் பிறந்துவிட்டால் துணிகள் வீட்டுக்குள்தான் காயும். காயும் என்பது ஒரு நம்பிக்கை. கூடத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் சேலையும் வேட்டியும் ஸ்வெட்டரும் நாள்கணக்கில் தொங்க, மச்சினன் கல்லூரிப் புத்தகத்தோடு அவற்றின் நடுவே தலையை நுழைத்து, காட்டில் வழி தேடுகிறவன்போல அடுப்படிக்குப் போவான். இரவில் அவன் படுக்கையும் அங்கேதான். அந்த வீட்டில் கொஞ்சமாவது சூடு இருந்தது அங்கே மட்டும்தான்.

இந்த வீட்டுக்குத்தான் நான் மாப்பிள்ளையாகப் போனேன். நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரன். ஓர் ஊரில் சேர்ந்தாற்போல ஒரு வருடம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கிற ஜாதி. திருப்பூர், சேலம், சிவகாசி என்று சுற்றிவிட்டுக் குன்னூரில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்க வந்து, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தேயிலைத் தரகு அலுவலகம் ஒன்றிலிருந்து லேபிள்களைச் சரிபார்க்க வரும் பெண்ணோடு முதலில் எழுத்துப் பிழைகளைப் பற்றியும் பிறகு மற்றதைப் பற்றியும் பேசி, கல்யாணம்வரை வந்துவிட்டேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “எங்கம்மாவை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டனுங்க. வர்றதா இருந்தா நீங்க வாங்க.” எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எங்கே போனாலும் ஒரு பெட்டியோடு போகிறவனுக்கு எந்த வீடாக இருந்தால் என்ன. ஊரில் என் சித்தப்பா மட்டும், “ஊட்டோட மாப்பிள்ளையா போறானாம், போகட்டும், மலைல குளிருக்கு நல்லா அடங்கிக் கெடப்பான்” என்றார்.

அடங்கிக் கிடக்கத்தான் இடம் இல்லை.

அச்சகத்தில் எனக்குக் காலை வேலை. மதியம் இரண்டரைக்கெல்லாம் வீடு வந்துவிடுவேன். மனைவி அலுவலகம் முடிந்து வரச் சாயங்காலம் ஆகிவிடும், மச்சினனும் அப்படித்தான். அதுவரை வீட்டில் அத்தையும் நானும் மட்டும். அத்தை என்னோடு பேச மாட்டார். கோபம் எதுவும் இல்லை. மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவது அவர் பிறந்து வளர்ந்த குடும்பங்களில் வழக்கமில்லை. மகள் வீட்டில் இருந்தால் மகள் வழியாகப் பேசுவார். இரண்டு கை தூரத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். “அம்மிணி, மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு” என்பார். அவள் என் பக்கம் திரும்பி, “கேட்டுதுங்களா?” என்பாள். மகள் இல்லாத மதியங்களில் அடுப்போடு பேசுவார். “காப்பி ஆறிப்போவுது” என்று அடுப்புக்குச் சொல்வார். நான் போய்க் குடித்துக்கொள்வேன். இதில் எனக்கு ஒருவிதமான வேடிக்கைகூட இருந்தது. காற்றுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் என்னை வந்து சேர்வது, முகவரி இல்லாத கடிதம் சரியான வீட்டுக்கு வருவதுபோல.

ஆனால் அவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நான் பார்க்கும்போதெல்லாம் அடுப்படி நிலைப்படியில் ஒரு தோளைச் சாய்த்து நிற்பார். அரிசி களைந்தாலும் நின்றபடி, கீரை ஆய்ந்தாலும் நின்றபடி. சுறுசுறுப்பான மனுஷி, உட்காரத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பெரிய மழை. படிக்கட்டுக்கு மேலே போட்டிருந்த தகரத்தில் மழை விழுகிற இரைச்சலில் என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. கதவைத் தள்ளினேன். கூடத்தின் தரையில், தொங்கும் துணிகளுக்குக் கீழே, அத்தை இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் தைலக் குப்பி. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்; எழுந்தார் என்பது சரியில்லை, எழ முயன்று முடியாமல் கம்பியில் தொங்கிய ஈரச் சேலையைப் பிடிக்க, அது கையோடு வர, சுவரின்மேல் போய் மோதினார். நான் வெளியே படிக்கட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உள்ளே குப்பி உருண்டுபோகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன். “உங்கம்மா ஏன் உக்காரவே மாட்டேங்கறாங்க?”

“நீங்க இருக்கறீங்கல்ல.”

“நான் இருந்தா?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “மாப்பிள்ளை முன்னாடி எப்புடீங்க உக்காருவாங்க? எங்க ஊர்லயும் உங்க ஊர்லயும் எந்த அத்தை உக்காந்திருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்.”

உண்மைதான். என் அக்காக்களைக் கட்டிக்கொண்டவர்கள் வந்தால் என் அம்மாவும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். ஆனால் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம் இருந்தது, அதற்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, அதற்கும் பின்னால் தோட்டம். இங்கே கதவுக்குப் பின்னால் மூன்று மாடி ஆழத்துக்குக் காற்றுதான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து நான் இரும ஆரம்பித்தேன். இரண்டாம் மாடியில் ஒரு தடவை, மேல் திருப்பத்தில் ஒரு தடவை, கதவுக்கு முன்னால் ஒரு தடவை. அவர் பதறாமல் எழுந்துகொள்ள அந்த அவகாசம் போதும். ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் காது இருந்தது. மளிகைக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க மாப்பிள்ளை, மாசக்கணக்கா இருமல் போகலையே. வெளையாட்டா விடாதீங்க, பெரியாஸ்பத்திரில நெஞ்சைப் படம் புடிச்சுப் பாருங்க” என்றார். இரண்டாம் மாடியில் இருந்த படுகர் வீட்டு அம்மா கற்பூரவல்லி இலையைத் தேனில் போட்டுக் கிண்ணத்தோடு கொடுத்தனுப்பினார். அதைத் தின்று முடித்த நாளிலும் நான் இருமிக்கொண்டே ஏறியதால், அவருக்கு என்மேல் வருத்தம்.

இருமலால் அத்தை மெல்ல எழ முடிந்தது, அவ்வளவுதான். எழுந்தவர் எழுந்தவர்தான். நான் கட்டிலில் கிடந்தாலும் கூடத்தில் இருந்தாலும் ஒரே வீடு, ஒரே காற்று; அவர் நிலைப்படியைவிட்டு அசைய மாட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனோம். முழங்காலில் தேய்மானம், நிற்கவே கூடாது, இப்படியே விட்டால் ஒரு நாள் நடையே நின்றுபோகும் என்றார் டாக்டர். அத்தை அதை நின்றுகொண்டே கேட்டார். நாற்காலி இருந்தது. ஆனால் அறையில் நானும் இருந்தேனே.

“சொல்லிப் பார்த்துட்டேங்க,” என்றாள் மனைவி அன்று. துணிகளுக்கு நடுவில் நின்றுதான் நாங்கள் ரகசியம் பேசுவோம். “அவுரு முன்னாடி என்னைக் காலை நீட்டச் சொல்றியான்னு கேக்கறாங்க. ஒண்ணு அவங்க உக்காரோணும். இல்லாட்டி நாம தனியா போவோணும். ரெண்டுல ஒண்ணுகூட என்னால முடியாது.” ஈரத் துணி ஒன்றின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “எங்கம்மா காலு போயிரும்ங்க.”

நானே ஒரு நாள் துணிந்து, “உக்காருங்க அத்தை” என்று நேராகச் சொல்லிவிட்டேன். பெரிய தப்பு. நேரடியாக ஒரு வார்த்தை வந்ததில் அவர் கலங்கிப்போய் அடுப்படிக்குள் நுழைந்தவர், மகள் வரும்வரை வெளியே தலைகாட்டவில்லை.

சரி, நான் வீட்டில் இல்லாவிட்டால் உட்காருவார் அல்லவா. சுற்றுவது எனக்குப் புதிதா என்ன. அச்சகம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நடக்கத் தொடங்கினேன். பார்க் பக்கம் ஏறி, அங்கிருந்து தேயிலைச் சரிவுகளுக்குள் இறங்கி, கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, சாயங்காலம் வரை. குன்னூரை நான் பார்த்தது அந்த நடையில்தான். மேகம் சாலையைக் கடந்து போகும். போகிறபோது நம்மையும் ஒரு மரமாக நினைத்துத் தொட்டுவிட்டுப் போகும். சில்வர் ஓக் இலைகளிலிருந்து சொட்டுகிற நீரில் மழை நின்றுவிட்டதா நிற்கவில்லையா என்று தெரியாது. கவிதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் செருப்பு காயாமலே இருந்தது. எப்போது ஆறு மணி ஆகும் என்று இருந்தது. ஊர் ஊராக ஓடிய காலத்தில் எனக்கு வீட்டு நினைப்பு வந்ததே இல்லை. வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் சுற்றியபோதுதான் முதல் தடவையாக வந்தது.

அத்தை இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு வீடு பிடிக்கவில்லை. வீட்டில் தான் இருப்பதுதான் அவருக்குத் தொந்தரவு. உழைத்துவிட்டு வருகிற மனிதர் கால் நீட்டக்கூட இடமில்லாமல் மழையில் அலைகிறார். இப்படி நினைத்தவர் வழக்கமாக நான் வரும் நேரத்துக்கு முன்பாக வீட்டைப் பூட்டி, சாவியை மளிகைக்கடையில் கொடுத்துவிட்டு வெளியே போகத் தொடங்கினார். கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குடும்பச் சண்டை, நமக்கெதற்கு என்று வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மதியம் மழை அடித்துப் பெய்ய, ஒதுங்குவதற்காக ரயில் நிலையத்துக்குள் ஓடினேன். மலை ரயில் போய்விட்ட நேரம். பிளாட்பாரம் காலியாக இருந்தது. கடைசி பெஞ்சில், பச்சை ஸ்வெட்டரும் தலையில் மஃப்ளருமாக ஓர் அம்மாள் இரண்டு காலையும் முன்னால் ஒரு மரப்பெட்டியின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பக்கத்தில் போன பிறகுதான் ஆள் தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். நூல்கண்டு உருண்டது. எழுந்துவிட்டார்.

நான் பெஞ்சின் இந்தக் கோடியில் நின்றேன். அவர் அந்தக் கோடியில் நின்றார். நடுவில் பெஞ்ச் காலியாகக் கிடந்தது. நூல்கண்டை நான் எடுத்தேன். கையில் கொடுக்கக் கூடாது என்பதால் பெஞ்சின்மேல் வைத்தேன். நான் தள்ளிப்போன பிறகு அவர் எடுத்துக்கொண்டார்.

பிளாட்பாரத்து டீக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, இந்தம்மா உங்களுக்குச் சொந்தமுங்களா?”

“எங்க அத்தைங்க.”

“ஒரே ஊடா?”

“ஆமாங்க.”

“இந்தம்மா வாரம் பூராவும் இங்க வந்து உக்காந்திருக்காங்க. நீங்க குடையப் புடிச்சுட்டு மேல பார்க் பக்கம் போறதை நான் தெனமும் பாக்கறேன். அப்பறம் ஊட்ல யாருங்க இருக்கா? வாடகை குடுக்கறது பூட்டுக்குங்களா?”

ஒரு சத்தம் கேட்டது. அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் வீட்டுக்குக் கிளம்பினோம். கிளம்பியதிலும் சிக்கல். மாப்பிள்ளையை முந்திக்கொண்டு அவர் நடக்க மாட்டார். அவர் காலுக்காக நான் மெல்ல நடந்தால், எனக்குப் பின்னால் வருகிறவர் என்னைவிட மெல்ல நடக்க வேண்டும். நான் இன்னும் குறைத்தேன். அவரும் குறைத்தார். கடைசியில் இரண்டு பேரும் ஏறக்குறைய நின்றுவிட்டோம். அப்போதுதான் மூடுபனி வந்தது. பள்ளத்திலிருந்து எழுந்து, தண்டவாளத்தைத் தாண்டி, சாலையை மூடி, என் கையில் இருந்த குடையின் நுனியையே காணாமல் செய்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், அத்தை இல்லை. வெள்ளையாக ஓர் இல்லாமை மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாப்பிள்ளைக்கு ஊடு புடிக்கலீங்களா?”

என்னைத்தான் கேட்கிறார். அங்கே அடுப்பும் இல்லை, மகளும் இல்லை.

“ஊடு நல்லாப் புடிச்சிருக்குதுங்க அத்தை. நான் இருந்தா நீங்க உக்கார மாட்டேங்கறீங்க. அதுதாங்க.”

எங்கேயோ கீழே ஒரு லாரி கியர் மாற்றியது.

“அதுக்காகவா மழைல சுத்துனீங்க?”

“நீங்க எதுக்கு மூணு மாடி எறங்குனீங்க?”

“எறங்கறது சிரமமில்லீங்க. ஏறறதுதான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த வெண்மைக்குள்ளிருந்தே தொடர்ந்தார். “எங்கம்மா எங்கூட்டுக்காரரு மொகத்தை நிமுந்து பாத்ததே கெடையாதுங்க. அவுரு வந்தா எந்திரிப்பாங்க, போனா உக்காருவாங்க. ஆனா அவுரு வர்றது வருசத்துக்கு ஒருக்கா, பொங்கலுக்கு. ஒரு நாள் இருப்பாரு. ஒரு நாள் நிக்கறதுக்கு என்னங்க, யாரும் நிக்கலாம். இங்கயே இருக்கற மாப்பிள்ளைக்கு எப்புடின்னு எங்கம்மா சொல்லித் தரலீங்க.”

பனி விலகியபோது பஸ் நிலையத்துக்கு அருகில் வந்திருந்தோம். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். பேச்சு நின்றுவிட்டது. அன்று படியேற எங்களுக்கு எவ்வளவோ நேரம் ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல நின்றேன். நான் போட்டிருந்தது செருப்பு.

அன்று சாயங்காலம் அத்தை மகளைக் கட்டில்மேல் ஏற்றிப் பீரோவின் உச்சியிலிருந்து ஒரு துணிமூட்டையை இறக்கச் சொன்னார். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திரை. தடித்த துணி, மங்கிப்போன மஞ்சளில் பெரிய பெரிய இலைகள். அதைக் கூடத்துக் கம்பியில் துணிகளோடு துணியாக, அடுப்படிப் பக்கம் தள்ளி மாட்டினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் நான் இருமிக்கொண்டு உள்ளே வந்தேன். நிலைப்படியில் யாரும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிழல், தரையில், கால் நீட்டி.

“சோறு அடுப்படில இருக்குதுங்க. போட்டுச் சாப்பிடுங்க. ரசம் சுடுது, பாத்து,” என்றது திரை.

திரைக்குப் பின்னால் உட்காருவது முன்னால் உட்காருவது ஆகாது. மூடுபனிக்குள் பேசினால் நேரில் பேசியதாக ஆகாது. இந்தச் சட்டத்தை எந்தக் குலப் பெரியவரும் இயற்றவில்லை, அவரே இயற்றிக்கொண்டார். வழக்கத்தையும் உடைக்காமல், என்னையும் வெளியே அனுப்பாமல், தன் முழங்காலையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு மனுஷி தன் வீட்டுக்குள் எழுப்பிக்கொண்ட சுவர் அது, துணியில். அதன் பிறகு எங்கள் மதியங்கள் பேச்சால் நிறைந்தன. அத்தையிடம் அவ்வளவு பேச்சு இருந்ததா என்று அவர் மகளே ஆச்சரியப்பட்டாள். காட்டெருமை ஒன்று குவார்ட்டர்ஸ் வராந்தாவில் இரவெல்லாம் படுத்துக்கிடந்து காலையில் மாமனாரை ஆபீஸுக்கு லேட்டாக்கிய கதை. துரை வீட்டு நாய்க்குப் பயந்து மாமனார் காலையில் ஆட்களின் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கப் போகாமல் லீவு போட்ட கதை. “எழுத்து முத்து முத்தா இருக்கும்ங்க அவுருக்கு. தைரியந்தான் கொஞ்சம் கம்மி.”

நான் புரூஃப் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உரக்கப் படித்துத் திருத்துவேன். ஒரு கல்யாணப் பத்திரிகையைப் படித்தபோது திரை கேட்டது: “தாய்மாமன் பேரு ஒரு பத்தி, சித்தப்பன் பேரு ஒரு பத்தி. பொண்ணு பேரு எப்பங்க வரும்? கல்யாணம் யாருக்கு?” மூடுபனியைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பக்கத்தையும் ஒரு நாள் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஊசிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. “நல்லாத்தானுங்க இருக்குது,” என்றார். “பனியில துணி காயலைங்கறது மட்டும் எங்கயும் வரலை.” நான் சிரித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன்.

என் கால் அரிப்பு போய்விட்டது என்று சொன்னால் பொய். இரண்டாவது வருடம் மெட்ராஸில் ஒரு பத்திரிகையில் வேலை இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்ல, கிளம்பத் துடித்தேன். மனைவியிடம் சொல்ல நாக்கு வரவில்லை. திரையிடம்தான் முதலில் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, மகளை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. “போயிட்டு வாங்க,” என்றார். “சாவி எப்பவும் போல கீழ கடைல இருக்கும்.” போனேன். சில மாதங்களில் திரும்பி வந்தேன். எல்லா ஊர்களிலிருந்தும் கிளம்பத் தெரிந்த எனக்கு, திரும்பி வருவதற்கென்று ஓர் இடம் அதுவரை இருந்ததில்லை. படியேறும்போது இருமினேன். உள்ளே, “அம்மிணி, அவுரு வந்துட்டாரு பாரு, உலை வையி” என்ற குரல் கேட்டது. அவ்வளவுதான் விசாரணை. இன்று நினைத்தாலும் அந்தக் கேள்வியில்லாத வரவேற்புக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

எங்களுக்கு மகள் பிறந்து தவழத் தொடங்கியதும் திரைக்கு ஆபத்து வந்தது. குழந்தை அதைப் பிடித்து இழுத்து எழுந்து நிற்கப் பழகியது. திரை விலகும், அத்தை எழ முயல்வார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், குழந்தை இருவரையும் பார்த்துக் கை தட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் எழுவது. பாதி எழத் தொடங்கினார். பிறகு முதுகை மட்டும் நிமிர்த்தினார். பிறகு, தரையில் ஊன்றிய வலது கையைக் கொஞ்சம் உயர்த்தித் திரும்ப வைப்பார். எழுந்துவிட்டேன், உட்கார்ந்துவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. அதே வருடம் மழைக்காலத்தில் திரையைத் துவைத்துப் போட்டார். அது காய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது, திரும்ப மாட்டவில்லை. ஆனால் என்னோடு பேசும்போது ஜன்னலைப் பார்த்தபடிதான் பேசுவார். என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போதைய வீட்டில் ஆளுக்கு ஓர் அறை இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. மகள் போனில் செய்தி அனுப்பிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவள் பழக்கம் அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை அறைகளில் ஒன்றில்கூட, இன்னொருவர் உட்காருவதற்காக நான் ஒதுங்க வேண்டிய தேவை இல்லை. ஒதுங்கியபோதுதான் நெருங்கினோம் என்பதை இந்த விசாலத்தில் யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது.

குன்னூர்க் குளிரும் மாடிப்படியும் அத்தைக்கு இனி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மச்சினன் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து அத்தையை அழைத்துப் போக வந்தான். அடுத்த கோடையில் அங்கேயே, தூக்கத்தில், அத்தை போய்விட்டார். நான் அப்போது ஒரு வேலையாக வடக்கே இருந்தேன். செய்தி வந்து, நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதனால் குன்னூர் பஸ் நிலையத்தில் பார்த்ததுதான் கடைசி.

காலை நேரம். மேட்டுப்பாளையம் பஸ். மச்சினன் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். மனைவி குழந்தையோடு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியில் தின்ன வர்க்கி பிஸ்கட் வாங்கப் போயிருந்தாள். அத்தை ஜன்னலோரச் சீட்டில், மடியில் ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் உடம்பு பழக்கத்தில் எழ முனைந்தது. முன் சீட்டின் கம்பி இடித்தது, கூடை சரிந்தது, எழ முடியவில்லை. கையைக்கூட உயர்த்த முடியாதபடி அடைசலான இடம். ஒரு கணம் தவித்தவர், பிறகு மெல்லச் சாய்ந்து, நன்றாக, முழுதாக உட்கார்ந்துகொண்டார். முந்தானையைச் சரிசெய்தார். தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகக் கீழே என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கண்கள் வெளிர்ப்பழுப்பு நிறம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் அங்கேயே நின்றேன். டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். முதல் தூறல் என் நெற்றியில் விழுந்தது.

“எத்தனை நேரம் நிப்பீங்க மாப்பிள்ளை,” என்றார். “மழை வருதுங்க. ஊட்டுக்குப் போங்க. போயி உக்காருங்க.”